மூன்று கன்றுக்குட்டிகள்

"நடிகர்களா? மாடுகள்!" என்று ஆல்ஃபிரட் ஹிட்ச்காக் சொன்னதாக ஹாலிவுட் முழுக்கப் பேச்சு. 1940-ல் 'மிஸ்டர் அண்ட் மிஸஸ் ஸ்மித்' படத்தை எடுக்க ஆர்.கே.ஓ. ஸ்டுடியோவுக்கு முதல் நாள் வந்தவர், செட்டில் ஒரு சின்னப் பட்டியைப் பார்த்தார். உள்ளே மூன்று தடுப்புகள், தடுப்புக்கு ஒரு கன்றுக்குட்டி. ஒவ்வொன்றின் கழுத்திலும் ஒரு பெயர் அட்டை: கரோல் லொம்பார்ட், ராபர்ட் மான்ட்கோமரி, ஜீன் ரேமண்ட். படத்தின் முக்கிய நடிகர்கள் மூவரும் இவர்களே. ஏற்பாடு, கதாநாயகி லொம்பார்டுடையது!

பெரிய ஸ்டார் அவர். கோபித்துக்கொண்டு கேரவனில் உட்கார்ந்திருக்கலாம். செய்யவில்லை. தன் பெயரையும் ஒரு கன்றின் கழுத்தில் கட்டினார் பாருங்கள், அங்கேதான் எனக்கு அவரை மிகவும் பிடித்துப்போகிறது. அதோடும் விடவில்லை. தன் படங்களில் ஒரு கணம் தலைகாட்டுவது ஹிட்ச்காக்கின் வழக்கம் அல்லவா? இந்தப் படத்தில் அந்தத் துண்டுக் காட்சியை இயக்கியவர் லொம்பார்ட். திருப்தியில்லை, இன்னொரு டேக் என்று திரும்பத் திரும்ப நடக்கவிட்டார். இத்தனைக்கும் இருவரும் நல்ல நண்பர்கள். ஹிட்ச்காக் குடும்பம் லொம்பார்டின் வீட்டில்தான் வாடகைக்கு இருந்தது.

இந்தக் குறும்பு திரைக்கு வர வெகுகாலம் ஆனது. 1908-ல் ஜேன் ஆலிஸ் பீட்டர்ஸ் என்ற பெயரில் பிறந்த லொம்பார்ட், 1920-களின் கடைசியில் மாக் செனட்டின் குட்டி நகைச்சுவைப் படங்களில் விழுந்து எழுந்து தொழில் பழகியவர். பிறகு பாரமவுன்ட் அவரை அழகுப் பதுமையாகவே நிறுத்தி வைத்தது. 1934-ல் 'ட்வென்டியத் செஞ்சுரி' படத்தில் ஜான் பேரிமோரின் எதிரே விறைத்துப்போய் நின்றவரை இயக்குநர் ஹோவர்ட் ஹாக்ஸ் தனியே அழைத்தார். "நிஜத்தில் ஒருவன் உன்னிடம் இப்படிப் பேசினால் என்ன செய்வாய்?" உதைக்கக்கூடாத இடத்தில் உதைப்பேன் என்று பதில் வந்தது. "அப்படியானால் அவரை உதை!" அடுத்த டேக்கில் லொம்பார்ட் காலை வீசினார், பேரிமோர் துள்ளி விலகினார். பின்னாளில் ஹாக்ஸே சொன்ன கதை இது.

1936 காதலர் தினத்துக்கு நடிகர் கிளார்க் கேபிளுக்கு லொம்பார்ட் ஒரு ஓட்டைக் காரில் இதயங்கள் வரைந்து அனுப்பினார். 1939-ல் அவரையே மணந்தார்.

1942 ஜனவரி 15 அன்று இண்டியானாபோலிஸில் ஒரே நாளில் 20 லட்சம் டாலருக்கு மேல் போர்க் கடன் பத்திரங்களை விற்றுக் கொடுத்தார். மறுநாள் ஊர் திரும்பிய விமானம் லாஸ் வேகாஸ் அருகே மலையில் மோதியது. தாயோடு சேர்த்து 22 பேரும் பலி. அவருக்கு வயது 33.

அவரது கடைசிப் படம், லூபிச் இயக்கிய 'டு பி ஆர் நாட் டு பி', இறந்த பிறகே வெளியானது. நாஜிகளின் பிடியில் இருந்த வார்சாவின் துயரத்தை வைத்துச் சிரிப்பதா என்று விமர்சகர்கள் சீறினார்கள். அநியாயமான கோபம் அது. நாஜிகளை இவ்வளவு கூர்மையாகக் குத்திய படங்கள் குறைவு. அதில் லொம்பார்ட் ஏற்ற நாடக நடிகை மரியா டுரா, வதைமுகாம் காட்சியின் ஒத்திகைக்குப் பளபளக்கும் பட்டு கவுனில் வந்து நிற்கிறாள். இயக்குநர் கத்துகிறார். அவளோ, அந்த முரண் எவ்வளவு எடுப்பாக இருக்கும் என்று வாதாடுகிறாள். தன்னைப் போன்ற நட்சத்திரங்களின் பகட்டை லொம்பார்ட் இவ்வளவு ரசித்துக் கேலி செய்த இடம் வேறில்லை.