கல்வெட்டும் கார்பன் ஃபைபர் காலும்

1858-ல் கேப்டன் லின்னேயஸ் ட்ரைப் தஞ்சைப் பெரிய கோயிலில் ஒரு காரியம் செய்தார். விமானத்தின் அடிப்பகுதியில் ஓடும் சோழர் காலக் கல்வெட்டைத் துண்டு துண்டாகப் படம் எடுத்து, 21 படங்களை அடுத்தடுத்து ஒட்டி, சுமார் 19 அடி நீளத்துக்கு ஒரே படமாக்கினார்.

ட்ரைப் கம்பெனி ராணுவத்தில் அதிகாரி. 1856-ல் மெட்ராஸ் மாகாண அரசின் புகைப்படக்காரர் ஆனார். அவருடைய நெகட்டிவ், மெழுகு ஏற்றிய காகிதம். ஒவ்வொன்றும் சுமார் 15 அங்குலம் நீளம். வெளிச்சம் பதிய நிமிடக் கணக்கில் ஆகும். அதுவரை கேமரா அசையக்கூடாது. அடுத்த துண்டுக்கு நகர்த்தும்போது சுவரிலிருந்து அதே தூரம், அதே உயரம் இருக்கணும். இல்லையென்றால் எழுத்து வரிசை ஒட்டாது. மொத்தச் சாமான்களும் மாட்டு வண்டியில்தான் போயின. ஆக, கேமரா நிலையாக நிற்பதற்கு அன்று கொடுத்த விலை எடை.

இந்த எடைக் கணக்கு மாறியதுதான் ட்ரைபாடின் வரலாறு. ஆரம்பத்தில் கால்கள் மரம். மரம் என்பது என்ன? நீளவாக்கில் ஓடும் நார்கள், அவற்றைப் பிடித்து வைக்கும் பசை போன்ற பொருள். அதிர்வை நன்றாக உள்வாங்கும். நில அளவைக்காரர்கள் இன்றும் மரக்கால் வைத்திருப்பதைப் பார்க்கலாம். பிறகு அலுமினியக் குழாய் வந்தது. ஒன்றுக்குள் ஒன்று செருகலாம், மலிவு. ஆனால் அதிர்வு அடங்க நேரம் எடுக்கும்.

கார்பன் ஃபைபர் வந்த வழி வேறு. 1958-ல் அமெரிக்காவில் யூனியன் கார்பைடு ஆய்வகத்தில் ரோஜர் பேகன் உயர்திறன் கார்பன் இழையை உருவாக்கினார். 1960-களின் தொடக்கத்தில் ஜப்பானில் அகியோ ஷிண்டோ, அக்ரிலிக் வகை இழையிலிருந்து அதைச் செய்யும் வழியைக் காட்டினார். 1971-ல் டோரே நிறுவனம் வணிக உற்பத்தியில் இறங்கியது. விமானம், தூண்டில் கம்பு, கோல்ஃப் மட்டை என்று சுற்றிவிட்டு, 1994-ல் பிரெஞ்சு நிறுவனமான ஜிட்ஸோ மூலமாக ட்ரைபாடுக்கு வந்தது. நீளவாக்கில் நார், அதைப் பிடிக்க எபாக்ஸி பிசின். யோசித்துப் பார்த்தால் மரத்தின் தத்துவத்துக்கே திரும்பிவிட்டோம், எடை மட்டும் குறைந்துவிட்டது!

சரி, இதெல்லாம் கல்வெட்டு பார்க்கப் போகிறவருக்கு எதற்கு?

தேய்ந்த எழுத்தை நேர் வெளிச்சத்தில் படிக்க முடியாது. பக்கவாட்டில், கல்லை உரசிப் போகிற மாதிரி டார்ச் அடித்தால் பள்ளத்தில் நிழல் விழும், எழுத்து எழுந்து நிற்கும். ஒரு பக்கம் அடித்தால் சில கோடுகள்தான் தெரியும். அதனால் நாலு பக்கத்திலிருந்தும் அடித்து நாலு படம் எடுத்து, கணினியில் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்துப் பார்க்கிறோம். இதையே பல கோண ஒளியில் முறைப்படுத்தி, 2001-ல் எச்பி ஆய்வகத்தின் டாம் மால்ஸ்பெண்டர் குழு ஒரு கணித முறையாக வெளியிட்டது. எப்படிச் செய்தாலும் நிபந்தனை ஒன்றுதான்: கேமரா நகரக்கூடாது. 24 மெகாபிக்சல் ஃபுல் ஃப்ரேம் சென்சாரில் ஒரு பிக்சல் சுமார் 0.006 மி.மீ. அந்த அளவு பிம்பம் தள்ளிப்போனாலே நாலு படமும் சரியாகப் பொருந்தாது.

எனவே வாங்கும்போது நான் பார்க்கும் வரிசை இது.

முதலில் குழாயின் விட்டம். சுவர்க் கனம் ஒன்றாக இருந்தால், வளையாமல் நிற்கும் திறன் விட்டத்தின் மும்மடிக்கு ஏற்ப ஏறும். மேல் குழாய் 22 மி.மீ. இருப்பதற்கும் 28 மி.மீ. இருப்பதற்கும் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு வித்தியாசம். பெட்டியில் போட்டிருக்கும் 'இத்தனை கிலோ தாங்கும்' என்பதை நம்பி முடிவு செய்யாதீர்கள். எல்லா நிறுவனங்களும் ஒரே முறையில் அளப்பதில்லை.

இரண்டாவது, காலில் எத்தனை பகுதி. நாலு பகுதி என்றால் பைக்குள் அடங்கும், ஆனால் கடைசிக் குழாய் மெலிந்துவிடும். பஸ்ஸில் போகிறவருக்கு நாலு, சொந்த வண்டி இருந்தால் மூன்று என்பது என் கணக்கு.

மூன்றாவது, எவ்வளவு உயரும் என்பதைவிட எவ்வளவு தாழும். கல்வெட்டு பெரும்பாலும் ஜகதியிலும் குமுதத்திலும் இருக்கும். சிறிய கோயில்களில் அது முழங்கால் உயரம்தான். கால்கள் அகல விரியணும், நடுத்தண்டைக் கழற்ற முடியணும். நடுத்தண்டை உயர்த்தி எடுத்தால் மூன்று கால் ஒற்றைக் கால் ஆகிவிடும், அவ்வளவுதான்.

நான்காவது, அடிப்பகுதி. ரப்பர் பாதம் மட்டும் போதும். கோயில் கல்லில் இரும்பு முனையை ஊன்றவே கூடாது. தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ள இடங்களில் ட்ரைபாட் வைக்க முன் அனுமதியும் வாங்க வேண்டும்.

அலுமினியத்தைவிட விலை பெரும்பாலும் இரண்டு மடங்கு வரும். எடையில் மிச்சமாவது கால் பங்கு போலத்தான். இதற்காகவா என்று கேட்கலாம். வீட்டிலோ ஸ்டுடியோவிலோ எடுப்பவருக்கு நிச்சயம் அலுமினியம் போதும். வெயிலில் வரப்பு வழியே நடந்து, ஒரே நாளில் மூன்று ஊர் பார்க்கிறவருக்குத்தான் அந்தக் கால் பங்கு முக்கியம். பாரமாக இருந்தால் மூன்றாவது ஊரில் ட்ரைபாட் பையிலேயே இருந்துவிடும், கைப்பிடியில் எடுத்துக்கொண்டு வந்துவிடுவோம்.

அந்த மூன்றாவது ஊருக்கு இன்னொரு முறை போகும்போது கல்வெட்டு இருக்குமா என்பதுதான் கேள்வி. திருப்பணி என்ற பெயரில் மணலைப் பீய்ச்சிச் சுத்தம் செய்து எழுத்தே மழுங்கிப்போன சுவர்கள் நம் ஊரில் உண்டு. சிமெண்ட் பூச்சுக்கும் டைல்ஸுக்கும் பின்னால் போனவையும் உண்டு. மைப்படி எடுக்கப்படாத ஒன்று அப்படிப் போனால், யாரோ ஒருவர் எடுத்த படம்தான் மிச்சம்.

உங்கள் ஊர்க் கோயிலில் கும்பாபிஷேகத்துக்கு நாள் குறித்துவிட்டார்கள் என்றால், ட்ரைபாட் வாங்கும் வரை காத்திருக்க வேண்டாம். நாலு செங்கல்லை அடுக்கி அதன்மேல் கேமராவை வைத்து, டைமர் போட்டு எடுங்கள். முதலில் படம் இருக்கட்டும்.