கட்டும் கையும்

கடுங்காய்ச்சலில் பிதற்றும் நோயாளி கட்டிலிலிருந்து குதிக்க முயல்வதை நீங்கள் பார்த்திருக்கலாம். அவரைக் கட்டிப்போடுவதா, கையால் பிடித்துக்கொள்வதா? இரண்டிலும் ஆபத்து உண்டு. இதைச் செவிலியர் உலகம் அறிந்துகொள்ளச் சில உயிர்கள் விலையாயின. மனநோய் மருத்துவமனைகளில்தான் இந்தக் கேள்வி நாள்தோறும் எழுந்தது.

இங்கிலாந்தின் லிங்கன் நகரில் அத்தகைய மருத்துவமனை ஒன்று இருந்தது. 1829-ஆம் ஆண்டு அங்கே ஒரு நோயாளிக்குக் கைகளை அசையவிடாத சட்டையை மாட்டி, கட்டிலோடு பிணைத்து, இரவில் தனியே விட்டுச் சென்றார்கள். காலையில் அவர் கழுத்து இறுகி இறந்து கிடந்தார். கட்டப்பட்டவர் அருகே இரவு முழுவதும் ஒரு பணியாளர் இருக்க வேண்டும் என்ற விதி அதன் பின்னரே வந்தது. ஆள் அருகில் இருந்தால் பல சமயம் கட்டே தேவையில்லை என்பதும் மெல்லப் புலனாயிற்று.

அந்த ஓராண்டில் மட்டும் 72 நோயாளிகளுள் 39 பேர் மொத்தம் 20,424 மணி நேரம் கட்டுண்டு கிடந்தனர் என்கிறது அம்மருத்துவமனைக் கணக்கு. டாக்டர் சார்ல்ஸ்வொர்த்தும், 1835-இல் பொறுப்பேற்ற இளம் மருத்துவர் ராபர்ட் கார்டினர் ஹில்லும் இதைக் குறைத்துக்கொண்டே வந்தனர். 1838-இல் அது பூஜ்யமாயிற்று! மறு ஆண்டே லண்டனை அடுத்த ஹான்வெல்லில், சுமார் 800 நோயாளிகளிடையே, ஜான் கானலி கட்டுகளை ஒழித்தார்.

கட்டு போன இடத்திற்கு மனிதக் கை வந்தது. அந்தக் கைக்குப் பயிற்சி வேண்டாமா? பிரிட்டனின் மனநோய் மருத்துவர் சங்கம் 1885-இல் பணியாளர்களுக்கென ஒரு கைந்நூல் வெளியிட்டது. 1891-இல் சான்றிதழ்த் தேர்வும் நடத்தியது.

ஆனால் பிடிக்கும் கையும் கொல்லக்கூடும். நம் மார்பு கொல்லன் துருத்தியைப் போன்றது. அது விரியும்போது உள்ளே அழுத்தம் குறைகிறது, காற்று நுழைகிறது. ஒருவரைக் குப்புறக் கிடத்தி முதுகில் அழுத்தினால் துருத்தி விரிவது எப்படி? மூச்சுக்காக அவர் திமிறுவதை முரட்டுத்தனம் என்றெண்ணி மேலும் அழுத்துவதுதான் பெருந்தவறு. 1998-இல் இங்கிலாந்தின் நார்விச் நகரில் ஒரு நோயாளியைச் செவிலியர் சுமார் 25 நிமிடம் குப்புற அழுத்திப் பிடித்திருந்தனர், அவர் இறந்துபோனார். மூன்று நிமிடத்திற்கு மேல் எவரையும் அவ்வாறு பிடிக்கலாகாது என்று விசாரணைக் குழு பின்னர்ப் பரிந்துரைத்தது.

ஆகவே இன்றைய பயிற்சி பேச்சிலிருந்து தொடங்குகிறது. பிடிப்பது கடைசி வழி. மார்பிலோ கழுத்திலோ முதுகிலோ பாரம் ஏற்றலாகாது. ஒருவர் நோயாளியின் முகத்தையும் மூச்சையும் மட்டுமே கவனிக்க வேண்டும். ஆபத்து நீங்கியதும் விட்டுவிட வேண்டும்.

நாளை செவிலியராகப் போகும் மாணவரே, அந்த லிங்கன் நோயாளியின் அருகில் அன்றிரவு ஒருவர் விழித்திருந்தால் போதுமாயிருந்தது. இதை மறவாதீர்கள்.