குறைந்ததைக் கூட்டுதல்: மனநிலையின் வேதியியல் குறித்து ஒரு மறுப்பு

வார இதழ்களின் மருத்துவப் பக்கங்களிலும் காலைநேரத் தொலைக்காட்சி நிகழ்ச்சிகளிலும் 'மகிழ்ச்சி ஹார்மோன்கள்' என்ற தொடர் இப்போது தாராளமாகப் புழங்குகிறது. டோபமின், செரோட்டோனின், ஆக்சிடோசின், எண்டார்ஃபின் என நான்கு பெயர்கள். ஒவ்வொன்றுக்கும் எதிரே அதைக் 'கூட்டும்' உணவோ பழக்கமோ எழுதப்பட்டிருக்கும். இரும்புச்சத்துக் குறைந்தவருக்கு முருங்கைக்கீரை சொல்வதுபோல, மனம் சோர்ந்தவருக்கு வாழைப்பழமும் ஓட்டமும் சொல்லப்படுகின்றன. இந்த நான்கில் செரோட்டோனினும் டோபமினும் மூளைக்குள் ஹார்மோன்களாக அல்ல, நரம்புக்கடத்திகளாகவே வேலை செய்கின்றன என்பது சிறு திருத்தம், அதை விட்டுவிடலாம். 'கூட்டுதல்' என்ற வினைச்சொல்லை அப்படி விட்டுவிட முடியாது.

நடை, வெயில், உறக்கம் ஆகியவை மனநிலையைத் தேற்றும் என்பதில் எனக்கு ஐயமில்லை. அவை மூளையில் வற்றிப்போன ஏதோ ஒரு சரக்கை நிரப்பித் தேற்றுகின்றன என்ற விளக்கத்தையே இக்கட்டுரை மறுக்கிறது. பலன் கிடைத்தால் போதாதா, விளக்கம் எப்படி இருந்தால் என்ன என்று கேட்கலாம். தவறான விளக்கத்தைப் பின்பற்றுகிறவர் தவறான பொருளைத் தேடிப் போகிறார் என்பதும், அப்படிப் போனதில் உயிர்கள் போயிருக்கின்றன என்பதும் கீழே வரும்.

சரக்குக் குறைவு என்ற எண்ணம் பிறந்த கதையில் இந்தியச் செடி ஒன்றுக்குப் பங்குண்டு. சர்ப்பகந்தாவின் வேரைப் பீகார் கடைத்தெருக்களில் 'பைத்தியத்துக்கான மருந்து' என்று பொருள்படும் பெயரிலேயே விற்றார்கள். 1931-இல் கணநாத் சென்னும் கார்த்திக் சந்திர போஸும் அது மனக்கொந்தளிப்பையும் இரத்த அழுத்தத்தையும் தணிக்கிறது என்று எழுதினர். 1949-இல் மும்பை மருத்துவர் ருஸ்தம் ஜால் வக்கீல் இரத்த அழுத்த நோயாளிகளிடம் தாம் கண்டதைப் பிரிட்டிஷ் இதய மருத்துவ இதழில் வெளியிட்டபின் உலகம் திரும்பிப் பார்த்தது. 1952-இல் சுவிட்சர்லாந்தின் பாசல் நகரில் அந்த வேரிலிருந்து ரிசர்பின் பிரித்தெடுக்கப்பட்டது. மூன்றாண்டுகளில், அமெரிக்கத் தேசிய சுகாதார நிறுவனத்தில் பெர்னார்ட் புரோடியின் குழு, ரிசர்பின் உடலிலுள்ள செரோட்டோனின் சேமிப்பைக் காலிசெய்கிறது என்று காட்டியது. அழுத்தத்துக்காக அதை உட்கொண்டவர்களில் சிலர் மனம் சோர்ந்துபோனதாக மருத்துவர்கள் எழுதிவந்தனர். மறுபுறம், காசநோய்க்குக் கொடுத்துப் பார்த்த இப்ரோனயசிட் நோயாளிகளுக்கு எதிர்பாராத உற்சாகத்தைத் தந்தது. அது இதே வகை வேதிப்பொருள்கள் சிதையாமல் தடுக்கும் மருந்து. காலியானால் சோர்வு, நிறைந்தால் உற்சாகம் என்று கணக்கு அழகாகப் பொருந்திவிட்டது. 1965-இல் ஜோசப் ஷில்ட்கிராட் நோரட்ரினலினை மையமாக வைத்தும், 1967-இல் அலெக் காப்பன் செரோட்டோனினை மையமாக வைத்தும் இதைக் கருதுகோளாக்கினர்.

அந்தக் கணக்கு தொடக்கத்திலேயே உதைத்தது என்பதை யாரும் அவ்வளவாக நினைவூட்டுவதில்லை. புரோடி குழுவின் கட்டுரை வெளிவந்த அதே 1955-இல், லண்டனில் டேவிஸும் ஷெப்பர்டும் பதற்றமும் சோர்வும் கொண்ட நோயாளிகளுக்கு ரிசர்பினையே கொடுத்துச் சோதித்து, அது அவர்களுக்கு உதவியது என்று லான்செட் இதழில் எழுதினர். செரோட்டோனினைக் காலிசெய்யும் பொருள் சோர்வைப் போக்கியது! இரண்டாண்டுகள் கழித்து சுவீடனில் அர்விட் கார்ல்சன் முயல்களுக்கு ரிசர்பின் ஊசி போட்டார். முயல்கள் காது தொங்கி அசைவற்றுக் கிடந்தன. செரோட்டோனினுக்கு மூலப்பொருளானதைச் செலுத்திப் பார்த்தார், எழவில்லை. டோபமினுக்கு மூலப்பொருளான எல்-டோபாவைச் செலுத்தினார். சற்று நேரத்தில் எழுந்து நடமாடின. முயல்களுக்கு வந்தது துக்கமல்ல, அசைவின்மை. அந்த வழியே தொடர்ந்து போனதால் பார்க்கின்சன் நோய் விளங்கியது. 1960-இல் வியன்னாவில் ஹோர்னிகீவிட்சும் ஏரிங்கரும் அந்நோயால் இறந்தவர்களின் மூளையில் டோபமின் வெகுவாகக் குறைந்திருந்ததை அளந்து காட்டினர். கார்ல்சனுக்கு 2000-ஆம் ஆண்டின் நோபல் பரிசில் பங்கு கிடைத்தது.

குறைபாடு என்ற சொல்லுக்கு நியாயமான இடம் பார்க்கின்சன் நோயில் இருக்கிறது: குறைவை அளந்து காட்டினார்கள், மூலப்பொருளைக் கொடுத்தார்கள், நடை திரும்பியது. மனச்சோர்வில் முதற்படியே ஏறவில்லை. உணவுவழி டிரிப்டோஃபானைக் குறைத்து மூளையின் செரோட்டோனின் உற்பத்தியை வேண்டுமென்றே தாழ்த்திய ஆய்வுகளில், முன்பு மனச்சோர்வு வந்திராத நலமானவர்கள் பெரும்பாலும் சோர்ந்துவிடவில்லை. செரோட்டோனின் மீளுறிஞ்சலைத் தடுக்கும் மருந்து சில மணி நேரத்திலேயே தன் வேலையைத் தொடங்கிவிடும். மனம் தேற வாரங்கள் ஆகும். தொட்டி நிரம்பியபின் தண்ணீர் வர ஏன் இத்தனை நாள்? 2022-இல் ஜோவானா மான்கிரீஃபும் உடன் ஆய்வாளர்களும் பல்லாண்டு ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்து, செரோட்டோனின் குறைவே மனச்சோர்வுக்குக் காரணம் என்பதற்கு நிலையான சான்றில்லை என்றனர். இதிலிருந்து மருந்துகள் வீண் என்று முடிவுகட்டுவது இன்னொரு பிழை. சுக்குக் கஷாயத்தில் தலைபாரம் இறங்கினால், உடம்பில் சுக்கு குறைந்திருந்தது என்று யாரும் சொல்வதில்லை. கஷாயத்தைக் கீழே கொட்டுவதுமில்லை. மருத்துவரைக் கேட்காமல் அம்மருந்துகளைத் திடீரென நிறுத்தியவர்கள் தலைசுற்றல், எரிச்சல், தூக்கமின்மை என்று படும் பாடு தனி.

இந்தக் கணக்கு நம்மிடம் இவ்வளவு எளிதாக ஒட்டிக்கொண்டதற்கு, வாத பித்த கபத்தின் ஏற்ற இறக்கமாக நோயைப் பார்த்துப் பழகிய மரபும் ஒரு காரணம் என்று கருதுகிறேன். ஆனால் அந்த மரபு இதைவிடக் கூர்மையானது. திருக்குறளின் மருந்து அதிகாரம் மிகுதியையும் குறைவையும் ஒருசேர நோயென்றே எண்ணுகிறது. 'மகிழ்ச்சி ஹார்மோன்' பேச்சில் மிகுதி என்ற பாதி காணாமல் போய்விட்டது. எவ்வளவு கூட்டினாலும் நல்லது என்றே தொனிக்கிறது.

வாழைப்பழத்தை எடுத்துக்கொள்வோம். அதில் செரோட்டோனின் இருப்பது உண்மை. நம் உடலின் செரோட்டோனினில் ஏறத்தாழ 90 விழுக்காடு குடலில் இருப்பதும் உண்மை. இரண்டிலும் மூளைக்குப் பயனில்லை. இரத்தத்துக்கும் மூளைக்கும் இடையிலுள்ள தடுப்பை அது கடப்பதில்லை. மூளை தன் செரோட்டோனினை டிரிப்டோஃபான் என்ற அமினோ அமிலத்திலிருந்து தானே செய்துகொள்கிறது. அப்படியானால் டிரிப்டோஃபான் நிறைந்த முட்டையையும் பருப்பையும் தின்னலாமே என்றால், அங்கேதான் வேடிக்கை. தடுப்பைக் கடக்கும் வாகனம் ஒன்று. அதில் ஏறக் காத்திருக்கும் அமினோ அமிலங்கள் பல. புரத உணவில் டிரிப்டோஃபானைவிட அதன் போட்டியாளர்களே அதிகம். ஆகவே புரதம் மிகுந்த சாப்பாட்டுக்குப்பின் மூளைக்குள் போகும் டிரிப்டோஃபானின் பங்கு கூடுவதில்லை, குறையவே செய்யலாம். 1970-களின் தொடக்கத்தில் எம்.ஐ.டி.யில் ஃபெர்ன்ஸ்ட்ராமும் வுர்ட்மனும் எலிகளில் இதன் மறுபக்கத்தைக் கண்டனர்: மாவுச்சத்து இன்சுலினைச் சுரக்கச் செய்ய, இன்சுலின் போட்டியாளர்களைத் தசைக்குள் ஒதுக்கிவிட, டிரிப்டோஃபானுக்கு இடம் கிடைக்கிறது. அந்த ஆதாயமும் சிறிதளவு புரதம் சேர்ந்தால் மறைந்துவிடும். சாம்பார் ஊற்றிய சோற்றில் அதை எதிர்பார்க்க முடியாது.

உணவில் முடியாததை மாத்திரையில் முடிக்கலாம் என்று அமெரிக்காவில் டிரிப்டோஃபான் மாத்திரைகளைக் கடைகளில் வாங்கி விழுங்கினார்கள். இயற்கைப் பொருள்தானே என்ற துணிவு. 1989-இல் தசைவலியும் இரத்த வெள்ளணுப் பெருக்கமுமாக ஒரு நோய் கிளம்பியது. 1,500-க்கும் மேற்பட்டோர் பாதிக்கப்பட்டு, 30-க்கும் மேற்பட்டோர் இறந்தனர். ஒரே தயாரிப்பாளரின் சரக்கில் கலந்திருந்த மாசோடு அது தொடர்புபடுத்தப்பட்டது. மாசுக்குக் கருதுகோள் பொறுப்பல்லதான். ஆனால் அந்த மாத்திரையைப் பலர் கையில் கொண்டுபோய்ச் சேர்த்ததில் 'குறைந்திருக்கிறது, கூட்டு' என்ற கணக்குக்கும் பங்கிருந்தது.

டோபமினில் இந்தக் கணக்கு இன்னும் மோசமாகத் தவறுகிறது. வுல்ஃப்ராம் ஷுல்ட்ஸ் குரங்குகளின் டோபமின் நரம்பணுக்களில் பதிவுசெய்ததை டயான், மாண்டேக் ஆகியோருடன் சேர்ந்து 1997-இல் விளக்கினார். பழச்சாறு எதிர்பாராமல் கிடைத்தால் அணுக்கள் துடித்தன. சாறு வரப்போவதை ஒரு விளக்கொளி அறிவிக்கும் என்று குரங்கு கற்றுக்கொண்டபின், துடிப்பு விளக்கொளிக்கு மாறியது. சாறு வந்தபோது அசைவில்லை. விளக்கெரிந்தும் சாறு வராவிட்டால் துடிப்பு வழக்கத்தைவிடத் தாழ்ந்தது. டோபமின் இங்கே அளப்பது இன்பத்தை அல்ல, எதிர்பார்த்ததற்கும் கிடைத்ததற்கும் உள்ள வித்தியாசத்தை. நெரிசல் பேருந்தில் ஒருநாள் ஜன்னல் இருக்கை கிடைத்தால் மனம் துள்ளுகிறது. தினமும் கிடைத்தால் அது வெறும் இருக்கை; கிடைக்காத நாளில் எரிச்சல். வித்தியாசம் என்பதைச் சேமித்துவைக்க முடியாது. கென்ட் பெரிட்ஜ் எலிகளின் டோபமினை ஏறக்குறைய முழுதாக நீக்கிப் பார்த்தார். அவை உணவைத் தேடிப் போவதை நிறுத்தின. ஆனால் நாக்கில் இனிப்பு வைத்தால் சுவைக்கும் முகக்குறி மாறவில்லை. வேண்டுதல் வேறு, சுவைத்தல் வேறு. டோபமினைக் கூட்டச் சொல்கிறவர்கள் எதைக் கூட்டச் சொல்கிறார்கள்?

ஓட்டத்தின் இன்பமும் அப்படியே. 1975-இல் அபர்தீனில் ஹியூஸும் காஸ்டர்லிட்ஸும் மூளையின் சொந்த அபினி போன்ற பொருள்களைக் கண்டறிந்தபின், நெடுந்தூர ஓட்டக்காரர்களின் களிப்புக்கு எண்டார்ஃபினே காரணம் என்று எல்லோரும் சொல்லத் தொடங்கினர். 2021-இல் ஜெர்மன் ஆய்வாளர்கள் அபினி ஏற்பிகளை மருந்தால் அடைத்துவிட்டு ஓடவைத்தனர், களிப்பு குறையவில்லை. சந்தேகம் இப்போது உடலுக்குள்ளேயே சுரக்கும் கஞ்சா போன்ற பொருள்கள்மேல் திரும்பியிருக்கிறது. அவற்றில் ஒன்றை 1992-இல் ஜெருசலேமில் ரஃபேல் மெக்கூலமின் ஆய்வகம் பிரித்தெடுத்து, 'ஆனந்தம்' என்ற வடசொல்லை வைத்து ஆனந்தமைடு என்று பெயரிட்டது. நாளை இதன் பெயரும் மாறலாம். ஓட்டக்காரருக்கு ஓட்டம் மாறவில்லை.

என் வாதத்துக்கு எதிரான வலுவான சான்று வெயில். 2002-இல் வெளிவந்த ஆஸ்திரேலிய ஆய்வில் லாம்பர்ட்டும் குழுவினரும் நலமான 101 ஆண்களின் கழுத்துச் சிரையில் இரத்தம் எடுத்து, மூளையிலிருந்து வெளியேறும் செரோட்டோனின் எச்சத்தை அளந்தனர். குளிர்காலத்தில் அது தாழ்ந்தது. அன்றன்று வெயிலடித்த நேரத்தோடு ஏறி இறங்கியது. ஆகவே ஒளி அந்தப் பொருளின் புழக்கத்தைக் கூட்டுகிறது என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அளக்கப்பட்டது புழக்கம், இருப்பு அல்ல. அளக்கப்பட்டவர்கள் சோர்ந்தவர்களும் அல்லர். ஒளியின் பெரிய வேலை உடலின் கடிகாரத்தைத் திருத்துவது என்றே நினைக்கிறேன். 1984-இல் நார்மன் ரோசந்தால் விவரித்த குளிர்காலச் சோர்வுக்கு, வழக்கமாகக் காலையில் அரை மணி நேரம் 10,000 லக்ஸ் விளக்கின்முன் அமர்த்துகிறார்கள். சென்னை வெயிலில் ஒரு லட்சம் லக்ஸ் வரை உண்டு. குளிரூட்டிய அலுவலகத்துக்குள் சில நூறுதான். விடியும்போது படுக்கப்போகும் இரவுப்பணி இளைஞருக்கு வெயில் வாசலில் இருந்தும் இல்லாத கதை. அவருக்குத் தேவைப்படுவது வேளை.

உடற்பயிற்சிக்கான சான்று இவற்றுள் உறுதியானது. 2024-இல் பிரிட்டிஷ் மருத்துவ இதழில் வெளிவந்த தொகுப்பாய்வு 218 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்து, நடை, மெல்லோட்டம், யோகா, பளுப்பயிற்சி ஆகியவை மனச்சோர்வைக் கணிசமாகக் குறைக்கின்றன என்றது. அவ்வாய்வுகளில் பலவற்றின் தரத்தில் குறைகள் உண்டு என்பதையும் மறைக்கவில்லை. எனக்கு அதைவிட முக்கியமாகப் படுவது ஜேம்ஸ் புளூமென்தால் டியூக் பல்கலைக்கழகத்தில் நடத்தி 1999-இல் வெளியிட்ட சிறிய ஆய்வு. ஐம்பது வயதைத் தாண்டிய 156 மனச்சோர்வு நோயாளிகளை மூன்றாகப் பிரித்தார்: பயிற்சி மட்டும், செர்ட்ரலின் மருந்து மட்டும், இரண்டும் சேர்த்து. பதினாறு வாரங்களில் மூன்று குழுவும் ஏறத்தாழ ஒரே அளவில் தேறின. மருந்து விரைவாக வேலை செய்தது, அவ்வளவே. இரண்டும் ஒரே தொட்டியில் ஊற்றும் குடங்கள் என்றால், இரண்டு குடம் ஊற்றிய மூன்றாவது குழு முந்தியிருக்க வேண்டும். முந்தவில்லை. பத்தாம் மாதத்தில் திரும்பப் பார்த்தபோது, தேறியவர்களில் மீண்டும் நோய்க்குள் விழுந்தவர்கள் மருந்துக் குழுவில் 38 விழுக்காடு, இரண்டும் சேர்ந்த குழுவில் 31, பயிற்சி மட்டும் செய்த குழுவில் 8.

பதினாறு வாரங்களுக்குப்பின் யார் எதைத் தொடர்ந்தார்கள் என்பதை ஆய்வாளர்கள் கட்டுப்படுத்தவில்லை, எண்ணிக்கையும் சிறியது. அந்த எண்களை மருந்துக்கு எதிரான தீர்ப்பாக வாசிக்கக் கூடாது. ஆனால் ஆய்வாளர்களே முன்வைத்த ஓர் ஊகம் இருக்கிறது: மருந்தும் சேர்த்து எடுத்தவர்கள் தேறியதற்கான பெருமையை மாத்திரைக்குக் கொடுத்திருக்கலாம், நடந்து மட்டும் தேறியவர்கள் அதைத் தங்கள் கால்களுக்குக் கொடுத்திருக்கலாம். அந்தப் பெருமை எந்தச் சிரையிலிருந்து எடுத்த இரத்தத்திலும் தென்படாது.