திருப்பிப் பார்த்தால் தெரியும்: எம்.ஜி.யும் மெட்ராஸ் ஸ்டாண்டர்டும்

இந்த எபிசோடை ஆரணியில எங்க வீட்டு மாடியில இருந்து பேசுறேன். கீழே தறி ஓடுது, நடுவுல சத்தம் வந்தா பொறுத்துக்கோங்க. பட்டுப்புடவையைக் கையில எடுத்தா எங்க அம்மா முதல்ல முந்தானையைப் பாக்க மாட்டாங்க. திருப்பிப் பின்பக்கத்தைத்தான் பாப்பாங்க. இன்னைக்கு ரெண்டு கார்களை அப்படித் திருப்பிப் பாக்கப் போறோம்.

முதல்ல எம்.ஜி. ஆக்ஸ்ஃபோர்டில் மோரிஸ் கராஜஸ் என்ற விற்பனைக் கடையில், 1920-களில் செசில் கிம்பர் தொடங்கி வைத்த பெயர். மேல்கூரை திறந்த ரெண்டு சீட்டு கார்னாலே எம்.ஜி.தான்னு ஆச்சு. எம்.ஜி.பி. மாடல் மட்டும் ஐந்து லட்சத்துக்கு மேல் தயாரானது. ஆனாலும் 1980-ல் அபிங்டன் தொழிற்சாலையை மூடிட்டாங்க.

ரெண்டு வருஷத்துல அந்தப் பேர் திரும்பி வந்தது, மெட்ரோங்கிற சின்னக் குடும்பக் கார் மேல. அதே வேலையை 2001-ல் பெரிய அளவில் செய்தார்கள். அதற்கு முந்தைய வருடம்தான் பி.எம்.டபிள்யூ., ரோவர் நிறுவனத்தை வெறும் பத்து பவுண்டுக்குக் கைமாற்றியிருந்தது. புதுக் கார் உருவாக்கக் காசு இல்லை. அதனால் ரோவர் 25, 45, 75 மூன்றும் இசட்.ஆர்., இசட்.எஸ்., இசட்.டி. ஆயின.

வெறும் ஸ்டிக்கர் வேலைன்னு நினைச்சுடாதீங்க. சஸ்பென்ஷனை இறுக்கி, காரைத் தாழ்த்தி, ஸ்டீயரிங்கையும் மாத்தினாங்க. மெக்லாரன் எஃப்1-ஐ வடிவமைத்த பீட்டர் ஸ்டீவன்ஸ்தான் இதற்கும் வடிவமைப்பாளர். ஓட்டினவங்களுக்குப் பிடிச்சது. ஆனா அடியில இருந்த கார் பழசு. 2005 ஏப்ரலில் கம்பெனி விழுந்தது. சுமார் 6,000 பேருக்கு வேலை போச்சு.

இப்போ நம்ம ஊருக்கு வருவோம். பிரிட்டனில் ஸ்டாண்டர்ட் என்ற கார் பெயர் 1963-லேயே முடிந்துவிட்டது. மெட்ராஸில் மட்டும் அது தொடர்ந்தது. ஹெரால்டு, கெஸல் எல்லாம் இங்க தயாரானதுதான். 1985-ல் ஸ்டாண்டர்ட் 2000 வந்தது. உடம்பு, 1977-ல் ஐரோப்பாவின் சிறந்த கார் விருது வாங்கிய ரோவர் எஸ்.டி.1. அங்கே அதுக்குள்ள வி8 எஞ்சின் இருந்தது. இங்க, 1940-களின் ஸ்டாண்டர்ட் வேன்கார்டு வம்சத்து 1991 சி.சி. எஞ்சின்.

எம்.ஜி. கதைக்கு இது நேர் தலைகீழ். அவங்க சாதுவான உடம்புக்கு வேகம் கொடுத்தாங்க. நாம வேகமான உடம்புக்குள்ள தாத்தா எஞ்சினை வெச்சோம். பக்கத்துலேயே மாருதி வளர்ந்துட்டிருந்தப்போ, விலை அதிகமான, பெட்ரோல் குடிக்கிற, வேகமும் எடுக்காத கார் எத்தனை நாள் நிக்கும்? 1988-ல் உற்பத்தி நின்றது.

எம்.ஜி. பேர் மட்டும் மறுபடி பிழைச்சது. சீன நிறுவனம் சாய்க் கைக்குப் போய், 2019-ல் ஹெக்டர் எஸ்.யு.வி.யா இந்தியாவுக்கு வந்தது. லாங்பிரிட்ஜ் தொழிலாளிக்கு அதுல என்ன கிடைச்சது? இந்தக் கேள்வி எனக்குச் சும்மா வரல. ஆரணிப் பட்டுக்குப் புவிசார் குறியீடு இருக்கு. ஆனா அதே பேர்ல விசைத்தறிப் புடவையைக் கைத்தறின்னு விக்கிறதையும் பாத்திருக்கேன். பேர் நல்லாத்தான் ஓடுது. கீழே எங்க அப்பா தறிக்குத்தான் ஆர்டர் குறையுது.

அடுத்த தடவை புடவையோ காரோ வாங்கும்போது, ஒரு நிமிஷம் திருப்பிப் பாருங்க. அடுத்த எபிசோடில் சந்திப்போம்.