மூளைக் கட்டியை 'பிங்க்' நிறத்தில் ஒளிரவைக்கும் மருந்து... ஆபரேஷனில் எப்படி உதவுது?

மூளையில் கட்டி என்றதும் பலருக்கும் வரும் முதல் பயம், "ஆபரேஷன் செஞ்சா பேச்சு போயிடுமோ, கை கால் வராம போயிடுமோ" என்பதுதான். டாக்டர்களுக்கும் இருக்கும் கவலை இது.

அப்படி என்ன சிக்கல்?

மூளையிலேயே உருவாகும் புற்றுநோய்களில் மிகவும் மோசமானது கிளியோபிளாஸ்டோமா. இது உருண்டையா, தனியா இருக்காது. வேர் விட்டதுபோல் பக்கத்துத் திசுக்களுக்குள் பரவியிருக்கும். அதன் ஓரங்கள் வெறும் கண்ணுக்கு நல்ல மூளை மாதிரியே தெரியும். கட்டியை மிச்சம் வைத்தால் சீக்கிரமே மறுபடி வளரும். கூடுதலாக வெட்டினால் பேச்சோ, நடையோ பாதிக்கும்.

ஸ்கேன் பார்த்துச் செய்ய முடியாதா?

முடியும். ஸ்கேன் படத்தை வைத்து, செல்போன் மேப் மாதிரி வழிகாட்டும் 'நேவிகேஷன்' கருவிகள் இருக்கு. ஆனா மண்டை ஓட்டைத் திறந்து, உள்ளே இருக்கும் திரவம் வடிந்ததும், மூளை கொஞ்சம் இடம் மாறிடும். ஸ்கேனோ அதற்கு முன்பு எடுத்தது. ஆபரேஷன் தியேட்டரிலேயே எம்.ஆர்.ஐ. எடுக்கும் வசதியும் உண்டு. ஆனா செலவு அதிகம், நேரமும் பிடிக்கும்.

ஒளிரும் மருந்து என்ன செய்யுது?

இதன் பெயர் 5-ஏ.எல்.ஏ. மயக்க மருந்து கொடுப்பதற்குச் சுமார் 3 மணி நேரம் முன்பு, தண்ணீரில் கலந்து குடிக்கத் தருவார்கள். புற்றுநோய் செல்கள் இதை 'புரோட்டோபார்ஃபிரின்' என்ற பொருளாக மாற்றிச் சேர்த்து வைத்துக்கொள்ளும். மைக்ரோஸ்கோப்பில் நீல ஒளியைப் பாய்ச்சினால் கட்டி மட்டும் பிங்க் நிறத்தில் மின்னும். சுற்றியுள்ள மூளை நீலமாகத் தெரியும்.

பலன் கிடைத்ததா?

ஜெர்மனியில் நடந்த ஆய்வின் முடிவு 2006-ல் வெளியானது. ஆபரேஷனுக்குப் பிந்தைய எம்.ஆர்.ஐ.யில், இந்த மருந்து குடித்தவர்களில் 65 சதவீதம் பேருக்குக் கட்டி மிச்சமில்லை. வழக்கமான வெள்ளை ஒளியில் ஆபரேஷன் செய்தவர்களில் இது 36 சதவீதம்தான். 6 மாதம் வரை கட்டி வளராமல் இருந்தவர்கள் 41 சதவீதம். மற்றவர்களில் 21 சதவீதம். ஆனா மொத்த ஆயுட்காலத்தில் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. அமெரிக்கா 2017-ல் இதற்கு அனுமதி கொடுத்தது.

என்ன குறை?

மெதுவாக வளரும் கட்டிகள் பெரும்பாலும் ஒளிர்வதில்லை. ஆழத்தில் மறைந்திருப்பதும் தெரியாது. மருந்து குடித்தவர் ஓரிரு நாள் வெயில், கடும் வெளிச்சத்தில் இருந்து தள்ளியிருக்கணும். இல்லாவிட்டால் தோல் பாதிக்கும்.

முக்கியமா, கட்டி எங்கே இருக்குன்னு இந்த ஒளி காட்டும். அந்த இடம்தான் நம்மைப் பேச வைக்குதா என்று சொல்லாது. அதனால்தான் சில ஆபரேஷன்களில் நோயாளியை விழிக்க வைத்து, பேசச் சொல்லிக்கிட்டே கட்டியை எடுக்கிறார்கள். உங்கள் வீட்டில் யாருக்காவது இந்த ஆபரேஷன் என்றால், "எவ்வளவு எடுக்க முடியும், எதை விட்டுவைக்கப் போறீங்க?" என்று டாக்டரிடம் தயங்காமல் கேளுங்கள்.