கடைசி ஆறு மில்லிமீட்டர்

இன்சுலின் பம்ப்பின் வரலாற்றை யார் எழுதினாலும் பெட்டியைப் பற்றித்தான் எழுதுகிறார்கள். முதுகில் சுமந்த பெட்டி, இடுப்பில் கட்டிய பெட்டி, இப்போது செல்போனோடு பேசும் பெட்டி. அந்தப் பெட்டியில் கிளம்பி தோலுக்குள் போய் முடிகிற மெல்லிய குழாய்க்கு ஒரு பத்திகூடக் கிடைப்பதில்லை. எனக்கு டைப் 1 டயாபடீஸ். பம்ப் போட்டு ஒன்பது வருஷம் ஆகிறது. இத்தனை வருஷத்தில் பெட்டி என்னைக் கைவிட்டது ஒரே ஒரு தடவை. குழாய் கைவிட்ட கணக்கை எழுதி வைப்பதை எப்போதோ நிறுத்திவிட்டேன். அதனால் இந்த வரலாற்றைக் குழாயின் பக்கத்திலிருந்து சொல்லிப் பார்க்கிறேன்.

பம்ப் பற்றித் தெரியாதவர்களுக்கு முதலில் கொஞ்சம். டைப் 1 வந்தவர்களின் கணையம் இன்சுலின் சுரப்பதைக் கிட்டத்தட்ட நிறுத்திவிடுகிறது. ஊசி போடுபவர்கள் நாள் முழுக்க வேலை செய்யும் இன்சுலின் ஒன்றும், சாப்பாட்டுக்கு வேகமான இன்சுலின் ஒன்றுமாகப் போட்டுக்கொள்வார்கள். பம்ப்பில் வேகமானது மட்டும்தான். அதை இருபத்துநாலு மணி நேரமும் கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே தள்ளிக்கொண்டே இருக்க வேண்டும். தள்ளுகிற பாதைக்குப் பெயர் இன்ஃப்யூஷன் செட். ஒரு நீளக் குழாய், அதன் நுனியில் தோலுக்குள் போகும் கேனுலா, அதைப் பிடித்துவைக்க ஒரு பிளாஸ்டர். கேனுலாவின் நீளம் பெரும்பாலும் 6 அல்லது 9 மில்லிமீட்டர். என்னுடையது 6. இரண்டு மூன்று நாளைக்கு ஒருமுறை கழற்றி வேறு இடத்தில் புதிதாகக் குத்த வேண்டும்.

இப்போது ஒரு சின்னக் கணக்கு. பம்ப்பில் போடும் இன்சுலினில் 1 மில்லிலிட்டருக்கு 100 யூனிட். ஒருவருக்கு மணிக்கு 0.5 யூனிட் என்றால், போவது 0.005 மில்லிலிட்டர். ஒரு சொட்டு தோராயமாக 0.05 மில்லிலிட்டர் என்று வைத்துக்கொண்டால், அந்த ஒரு சொட்டு முழுதாக உள்ளே போக 10 மணி நேரம் ஆகும். இவ்வளவு மெதுவாக நகர்கிற ஒன்று ஓடுகிறதா, நின்றுவிட்டதா என்று கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது. மெஷினுக்கே லேசில் தெரியாது. இந்த வரலாற்றின் சிக்கல் எல்லாம் இங்கேதான் இருக்கிறது.

இன்சுலினுக்கும் தோலுக்குமான தகராறு முதல் நாளிலேயே தொடங்கிவிட்டது. 1922 ஜனவரி 11 அன்று டொரண்டோவில் லியனார்ட் தாம்சன் என்ற 14 வயதுப் பையனுக்கு முதல் ஊசி போட்டார்கள். மருந்து சுத்தமாக இல்லை. சுகர் கொஞ்சம்தான் இறங்கியது, ஊசி போட்ட இடத்தில் கட்டி வந்தது. ஜேம்ஸ் காலிப் சுத்திகரித்துக் கொடுத்த மருந்தை ஜனவரி 23 அன்று மறுபடி போட்டார்கள். அது வேலை செய்தது. உலகம் கொண்டாடியது அந்த இரண்டாவது ஊசியைத்தான். எனக்கென்னவோ அந்த முதல் கட்டிதான் ஞாபகத்தில் நிற்கிறது. எவ்வளவு நல்ல மருந்தாக இருந்தாலும் தோல் வழியாகப் போக வேண்டுமென்றால் தோலின் சம்மதமும் வேண்டும்.

1960களின் தொடக்கத்தில் லாஸ் ஏஞ்சலஸில் ஆர்னால்ட் கேடிஷ் என்ற மருத்துவர் ஒரு கருவி செய்தார். மலையேறுபவர்கள் மாட்டிக்கொள்ளும் பை அளவுக்கு இருக்கும், முதுகில் சுமக்க வேண்டும். அது தோலையே ஒதுக்கிவிட்டு நேராக ரத்தக்குழாய்க்குள் போனது. ஆராய்ச்சிக்குச் சரி. ஆனால் ரத்தக்குழாயில் குழாயைச் செருகிக்கொண்டு ஒருவர் பஸ் ஏறி வேலைக்குப் போக முடியுமா? ரத்தம் உறையும், கிருமி உள்ளே போகும்.

பாதையை மாற்றியவர்கள் லண்டன் கைஸ் மருத்துவமனையின் ஜான் பிக்கப், ஹாரி கீன் குழுவினர். ரத்தக்குழாய் வேண்டாம், தோலுக்கு அடியில் இருக்கும் கொழுப்பில் மெதுவாக விட்டால் போதும் என்றார்கள். அவர்கள் கட்டுரை 1978ல் வந்தது. அடுத்த வருஷமே அமெரிக்காவில் யேல் பல்கலைக்கழகத்தின் வில்லியம் டாம்பர்லேன், ராபர்ட் ஷெர்வின் குழு அதே வழியில் இளம் நோயாளிகளின் சுகரை இயல்பு அளவுக்குக் கொண்டுவந்து காட்டியது. அந்தக் காலத்துப் பம்ப்களில் ஒன்று டீன் கேமன் செய்தது. பின்னாளில் செக்வே வண்டியைக் கண்டுபிடித்தாரே, அதே ஆள்தான். அந்தப் பம்ப்பின் நிறத்தையும் எடையையும் பார்த்து 'நீலச் செங்கல்' என்று கூப்பிட்டார்களாம்.

சரி, செங்கல்லிலிருந்து உடம்புக்குள் எப்படிப் போனது? பட்டர்ஃப்ளை ஊசி வழியாக. சின்னக் குழந்தைகளுக்கு டிரிப் ஏற்ற இரண்டு பக்கமும் இறக்கை வைத்து வருமே, அந்த ஸ்டீல் ஊசிதான். வேறு வேலைக்காகச் செய்த ஊசியை வயிற்றில் குத்தி பிளாஸ்டர் போட்டு ஒட்டினார்கள். மின்சாரமும் மோட்டாரும் கொண்ட புதுக் கருவிக்குக் கடைசி 6 மில்லிமீட்டருக்கு இரவல் ஊசி. தோல் சிவந்தது, சீழ் கட்டியது, தூக்கத்தில் புரண்டால் ஊசி வெளியே வந்தது.

இன்னொரு தொல்லை இன்சுலினே கொடுத்தது. இன்சுலின் ஒரு புரதம். உடம்புச் சூட்டில், ஓயாத அசைவில், பிளாஸ்டிக் சுவரை உரசிக்கொண்டு கிடந்தால் அதன் மடிப்புகள் பிரிந்து ஒன்றோடொன்று ஒட்டி நூல்நூலாகத் திரியும். குழாய் அடைத்துக்கொள்ளும். 1980களில் ஜெர்மனியின் ஹோக்ஸ்ட் நிறுவனம் பிளாஸ்டிக் சுவரில் ஒட்டாமலிருக்க ஒரு பொருளைச் சேர்த்துப் பம்ப்புக்கென்றே இன்சுலின் தயாரித்தது. குழாய்க்காக மருந்தை மாற்றினார்கள்.

அடைப்பு ஏன் இவ்வளவு பயமுறுத்துகிறது? நீண்டநேர இன்சுலின் உடம்பில் கையிருப்பே இல்லை என்பதால். பாதை அடைபட்ட சில மணி நேரத்தில் உடம்பு கொழுப்பை எரிக்க ஆரம்பித்து கீட்டோன் சேரும், ரத்தம் அமிலமாகும். கவனிக்காவிட்டால் உயிர் போகும். 1980களின் தொடக்கத்தில் பம்ப் பயன்படுத்தியவர்களின் மரணங்களை அமெரிக்காவின் நோய்க் கட்டுப்பாட்டு மையம் ஆராய்ந்தது. மரண விகிதம் எதிர்பார்க்கக்கூடியதைவிட அதிகமில்லை என்று 1984ல் வெளிவந்த முடிவு சொன்னது. ஆனாலும் மருத்துவர்களிடம் தயக்கம் ஒட்டிக்கொண்டுவிட்டது.

அதை உடைத்தது 1993. வட அமெரிக்காவில் 1441 பேரைச் சராசரியாக ஆறரை வருஷம் பின்தொடர்ந்த டிசிசிடி ஆய்வின் முடிவு அந்த வருஷம் வந்தது. சுகரை இறுக்கிப் பிடித்த குழுவில், ஆரம்பத்தில் கண் பாதிப்பே இல்லாதவர்களுக்குப் பின்னால் அது வரும் வாய்ப்பு 76 சதவீதம் குறைந்திருந்தது. அந்தக் குழுவினர் நாளுக்கு மூன்று நான்கு ஊசி போட்டார்கள், அல்லது பம்ப் மாட்டினார்கள். பார்வை மிஞ்சும் என்றால் குழாய்த் தொல்லையைச் சகித்துக்கொள்ளலாம் என்று ஜனங்கள் முடிவு செய்தார்கள். நானும் அந்தக் கணக்கில்தான் இதைச் சுமக்கிறேன்.

இடையில் ஸ்டீலின் இடத்துக்கு டெஃப்லான் வந்திருந்தது. ஊசி வழிகாட்டிவிட்டு வெளியே வந்துவிடும், மிருதுவான கேனுலா மட்டும் உள்ளே தங்கும். குத்தல் இல்லை, படுத்தால் வலி இல்லை. ஆனால் மிருதுவானது மடங்கும். ஸ்டீல் மடங்காது, உறுத்தும். நாற்பது வருஷமாக இந்த இரண்டுக்கும் நடுவில்தான் ஆடிக்கொண்டிருக்கிறோம். 2005ல் குழாயே இல்லாமல் தோலில் அப்படியே ஒட்டும் ஆம்னிபாட் பம்ப்புக்கு அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. நீளக் குழாய் போயிற்று, கேனுலா மட்டும் போகவில்லை.

ஒருநாள் ராத்திரி இரண்டு மணிக்கு எனக்கு சுகர் 380. பம்ப் திரையில் எல்லாம் சரியாக இருந்தது. அம்மா எழுந்து வந்து கேட்டார்: "மெஷின் ஓடுதுன்னுதான காட்டுது, அப்புறம் ஏன்டி ஏறுது?" ஒரு இன்ஜினியர் கேட்க வேண்டிய கேள்வி. பம்ப்பின் அடைப்பு அலாரம் அழுத்தத்தை வைத்துத்தான் அடிக்கும். மணிக்கு 0.5 யூனிட் போகிற குழாயில் அந்த அழுத்தம் சேரவே பல மணி நேரம் ஆகலாம். பிளாஸ்டருக்கு அடியில் கசிந்தால் அழுத்தமே சேராது, அலாரமும் வராது. தள்ளினேன் என்பது மட்டும்தான் பெட்டிக்குத் தெரியும். போய்ச் சேர்ந்ததா என்று அதற்குத் தெரியாது. சிரிஞ்சில் இன்சுலின் போட்டுக்கொண்டு செட்டைக் கழற்றிப் பார்த்தேன். கேனுலா மீன்தூண்டில் மாதிரி வளைந்திருந்தது.

2012ல் லுட்ஸ் ஹைனமான், லார்ஸ் கிரினெல்கே என்ற இருவர் ஓர் ஆய்வுக்கட்டுரையில் இன்ஃப்யூஷன் செட்டைப் பம்ப் சிகிச்சையின் 'அகில்லஸ் குதிகால்' என்றே எழுதினார்கள். பம்ப் அளவுக்குச் செட்டை யாருமே ஆராயவில்லை என்பதுதான் அவர்களின் குறை. 2017ல் ஒரு பெரிய நிறுவனம் தன் செட்களில் ஒரு வகையைத் திரும்பப் பெற்றது. காற்று போகும் சின்னத் துவாரம் நனைந்து அடைபட்டால், தேவைக்கு மேல் இன்சுலின் போய்விடும் என்ற அபாயம். 2021ல் 7 நாள் தாங்கும் செட்டுக்கு அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. கைஸ் கட்டுரைக்குப் பிறகு 43 வருஷம் கழித்து.

இதற்கு நடுவே சமாளிக்கும் வித்தையை நோயாளிகளும் நர்ஸுகளும் அம்மாக்களும் சேர்ந்து கட்டிவைத்திருக்கிறார்கள். காரணமில்லாமல் சுகர் ஏறினால் முதலில் செட்டைச் சந்தேகப்படு. பம்ப்பில் ஒருமுறை கொடுத்தும் இறங்கவில்லையென்றால் கீட்டோன் பார், அடுத்த டோஸைச் சிரிஞ்சிலோ பேனாவிலோ போடு, செட்டை மாற்று. படுக்கப் போகும்போது புது செட் போடாதே, காலையில் போடு, உள்ளே போகிறதா என்று பகலில் தெரிந்துவிடும். ஒரே இடத்தில் குத்திக்கொண்டே இருந்தால் கொழுப்பு கட்டிப்போகும், அங்கே இன்சுலின் ஒழுங்காக ஏறாது. டெஃப்லான் அடிக்கடி மடங்குகிறவர்கள் டாக்டரிடம் பேசி ஸ்டீலுக்கு மாறிப் பார்க்கலாம். வாந்தி வந்தால் வீட்டில் உட்காராதே, ஆஸ்பத்திரிக்குப் போ.

நம் ஊருக்கென்று இரண்டு விஷயம் சேர்த்துக்கொள்ள வேண்டும். சித்திரை வெயிலில் பிளாஸ்டர் நிற்காது. மேலே இன்னொரு டேப் ஒட்டித்தான் வெளியே கிளம்ப முடியும். அடுத்தது காசு. மூன்று நாளில் மாற்று என்கிறது அட்டை, ஐந்து நாள் இழு என்கிறது மாசக் கடைசி. இங்கே பெரும்பாலானோர் செட்டுக்குக் கைக்காசுதான் போடுகிறோம். இழுத்துப் பார்ப்பவர்களைத் திட்டுவதில் எனக்கு உடன்பாடில்லை. அவர்களுடைய அபாயம் தோலில் இல்லை, பில்லில் இருக்கிறது.

இப்போதைய பம்ப்கள் சென்சாரைப் பார்த்துத் தாமாகவே அளவை மாற்றுகின்றன. உண்மையிலேயே பெரிய காரியம், இதனால்தான் பல ராத்திரி நான் தூங்குகிறேன். ஆனால் கேனுலா மடங்கிய ராத்திரியில் அந்த அல்காரிதம் சுகர் ஏறுவதைப் பார்த்து இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் என்று மூடிய கதவுக்குள் தள்ளிக்கொண்டே இருக்கும். அதனால் பம்ப் மாட்டியவர்கள் கூடவே ஒரு சிரிஞ்சையும் வைத்திருக்கச் சொல்கிறார்கள் டாக்டர்கள். மோட்டார் இல்லை, திரை இல்லை, அலாரம் இல்லை. 1922ல் லியனார்ட் தாம்சனுக்குப் போட்டதும் அதன் மூதாதைதான். உள்ளே போனதா இல்லையா என்பதை அது மட்டும் இன்னும் நேராகச் சொல்கிறது.