கொரிய – ஜப்பானியத் தூதுறவும் அரச மடலின் சொல்லாட்சியும்

முன்னுரை

தூதர் வரலாறு பெரும்பாலும் பயண வரலாறாகவும் பரிசில் வரலாறாகவுமே எழுதப்பட்டு வருகிறது. 1607 முதல் 1811 வரை கொரிய அரசு ஜப்பானுக்கு விடுத்த பன்னிரண்டு தூதுகளை நோக்கின், அவ்வரலாறு சொல்லின் வரலாறாகவும் அமைவதைக் காணலாம். மடலில் ஆள்வோரை எப்பெயரால் குறிப்பது என்னும் சிக்கல் இவ்வுறவில் பெற்ற இடத்தை இக்கட்டுரை ஆராய்கிறது.

திருத்தப்பட்ட மடல்கள்

1592–1598ஆம் ஆண்டுகளின் படையெடுப்பால் கொரியா பேரழிவுற்றது. பல்லாயிரவர் சிறைப்பிடிக்கப்பட்டு ஜப்பானுக்குக் கொண்டுசெல்லப்பட்டனர். கொரிய வாணிகத்தைச் சார்ந்து வாழ்ந்த சுஷிமா தீவின் சோ மரபினர் இருநாட்டு அமைதியை நாடினர். ஜப்பானின் புதிய ஆட்சியாளரான டோக்குகவா இயேயாசுவே முதலில் மடல் விடுக்க வேண்டும் எனக் கொரிய அரசு வற்புறுத்தியது. முதலில் எழுதுவது தாழ்ந்து போவதாகக் கருதப்பட்ட காலம் அது. 1606இல் கொரியாவை அடைந்த மடல் சுஷிமாவில் புனையப்பட்டது அல்லது திருத்தப்பட்டது என்பது ஆய்வாளர் துணிபு. மறு ஆண்டு தூதர் கொணர்ந்த மடலில் 'மறுமொழி' எனப் பொருள்படும் சொல்லும் வழியிலேயே மாற்றப்பட்டது. எனினும், அத்தூதின் பயனாக ஆயிரத்திற்கு மேற்பட்ட சிறையாளர் தாயகம் திரும்பினர் என்பது இங்கு எண்ணத்தக்கது.

பட்டப்பெயர்ச் சிக்கல்

சோ மரபினரின் அலுவலரான யனகாவா ஷிகேஓகி தம் தலைவருடன் பகைத்து இப்புனைவுகளை வெளிப்படுத்தினார். 1635இல் ஷோகுன் இயேமித்சு அவரை நாடுகடத்தினார்; சோ யோஷினாரியைப் பதவியில் நிலைநிறுத்தினார். மடல்களைக் கண்காணிக்கக் கியோத்தோ மடங்களின் கற்றறிந்த துறவியர் சுஷிமாவில் அமர்த்தப்பட்டனர். ஷோகுனைக் குறிக்கத் 'தைக்குன்' என்னும் பட்டம் வகுக்கப்பட்டது. மன்னன் என்றும் பேரரசன் என்றும் கூறாத அச்சொல் இருதரப்பின் மதிப்பையும் காத்தது. 1636 முதல் தூதர் குழு, நம்பகத்தை உணர்த்துவது எனப் பொருள்படும் 'தொங்சின்சா' என்னும் பெயரைப் பெற்றது. 1711இல் அராய் ஹகுசெகி 'மன்னர்' என்னும் பட்டத்தைப் புகுத்தினார். சுஷிமா அரசில் பணியாற்றிய அறிஞர் அமெனொமொரி ஹோஷூ அதனை எதிர்த்தார். 1719ஆம் ஆண்டுத் தூதின்போது பழைய பட்டமே மீண்டது.

உறவின் முறிவு

1811ஆம் ஆண்டின் இறுதித் தூது சுஷிமாவுடன் நின்றது. 1868இல் அமைந்த மெய்ஜி அரசின் மடலில் பேரரசரையும் அவர்தம் ஆணையையும் குறிக்கும் எழுத்துகள் இடம்பெற்றன. அவை சீனப் பேரரசர்க்கே உரியவை எனக் கருதிய கொரியா மடலை ஏற்க மறுத்தது. 1875இல் ஜப்பானியப் போர்க்கப்பல் கங்வா தீவை நெருங்கியதால் மோதல் மூண்டது. 1876இல் கங்வா உடன்படிக்கை கொரியாவின்மீது சுமத்தப்பட்டது.

முடிவுரை

திருத்தப்பட்ட மடல் சிறையாளரை மீட்க வழிவகுத்தது. திருத்தப்படாத மடல் பிணக்கிற்கு வாயிலாயிற்று. இதனால் பொய்ம்மை போற்றத்தக்கது என்பதன்று. இருநாடுகளும் தத்தம் பெருமிதம் குன்றாமல் ஏற்கத்தக்க சொல் ஒன்று இருந்த வரையில் அமைதியும் நிலைத்தது என்பதே இவ்வரலாற்றால் பெறப்படுகிறது.